கொழும்பில் பழைய உடுப்பு வாங்குகிறவர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாண வீட்டில் யாராவது ஒருத்தி என் சேலைக் கரையைப் பிடித்துப் பார்த்து, "இது எங்கே எடுத்தது?" என்று கேட்பாள். "பழசு, வேறொருவர் கட்டினது" என்றால் சட்டென்று கையை எடுத்துவிடுவாள். பத்து நிமிடம் கழித்துத் தனியாக வந்து, எவ்வளவு, எங்கே, மணக்காதா, கிழியாதா என்று எல்லாம் கேட்பாள். வெள்ளவத்தையில் இருந்துகொண்டு பதினைந்து வருடமாக இப்படித்தான் வாங்கி உடுத்துகிறேன். அந்தப் பத்து நிமிடத்துக்குப் பிறகு வரும் கேள்விகள்தான் இவை.

கொழும்பில் பழைய உடுப்பு எந்தத் தெருவில் விற்கிறார்கள்?

அப்படிக் கைகாட்ட ஒரு தெரு இல்லை. பழைய புத்தகம் என்றால் மருதானைப் பக்கம் டீ. ஆர். விஜேவர்தன மாவத்தையில் வரிசையாகக் கடைகள் இருக்கின்றன. வாகனத்தின் பழைய பாகம் என்றால் பஞ்சிகாவத்தை. உடுப்புக்கு நீங்கள்தான் தேடிப் போக வேண்டும்.

முதலாவது, ஜம்பிள் சேல். தேவாலயங்களும் பாடசாலைப் பழைய மாணவிகள் சங்கங்களும் நிதி சேர்க்க நடத்துவார்கள். மேசைமேல் குவித்துப் போட்டிருப்பார்கள், விலை குறைவு. கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள், நூறு ரூபாய்த் தாள்களாக மாற்றிக்கொண்டு போங்கள். இரண்டாவது, ஒன்லைன்: இன்ஸ்டகிராமில் 'த்ரிஃப்ட்' என்று பேர் வைத்த பக்கங்கள், பேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், இக்மன். இதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

மூன்றாவதுதான் என் கணக்கில் முதலாவது. வீட்டைக் காலி செய்கிறவர்கள். கனடாவுக்கோ லண்டனுக்கோ ஒரேயடியாகப் போகும் குடும்பம், விமானத்தில் தரும் கிலோக் கணக்குக்குள் எத்தனை சேலையைத்தான் அடைக்கும்? கடைசி மாதத்தில் அலுமாரி முழுவதும் கட்டிலில் கிடக்கும். "அன்ரி, குடுக்கிறதாக இருந்தால் எனக்கும் சொல்லுங்கோ" என்று முன்கூட்டியே காதில் போட்டு வைக்க வேண்டும். கூச்சப்பட்டால் நல்லதெல்லாம் வேறு யாருக்கோ போய்விடும். காசு வாங்க மாட்டேன் என்பார்கள். அப்படியே வாங்கி வந்துவிடாதீர்கள், ஏதாவது கொடுங்கள். அடுத்த முறையும் கூப்பிடுவார்கள்.

புறக்கோட்டையில் புதுசே மலிவாகக் கிடைக்கிறதே. பிறகேன் பழசு?

2022இல் டொலர் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்றறுபதுக்குப் போனதற்குப் பிறகு 'மலிவு' என்ற சொல்லே மாறிவிட்டது. 2024 ஜனவரியிலிருந்து வற் வரியும் 18 சதவீதம். இப்போது நடைபாதையில் மலிவாகக் கிடைக்கும் புதுச் சட்டை பெரும்பாலும் மெல்லிய பொலியெஸ்டர். கொழும்பு வெக்கையில் காலை பத்து மணிக்கே முதுகில் ஒட்டிக்கொள்ளும், நாலாவது தோய்ப்பில் உருண்டை உருண்டையாக நூல் திரளும். அதே காசுக்கு இருபது வருடத்துக்கு முந்திய நல்ல கொட்டன் சேட் ஒன்று கிடைக்குமென்றால் நான் அதைத்தான் எடுப்பேன். இருபது வருடம் தாங்கியது இன்னும் ஐந்து வருடம் தாங்கும் என்பது என் கணக்கு. அனேகமாகப் பிழைத்ததில்லை.

பமுணுவ உடுப்புச் சந்தையில் விற்பது பழைய உடுப்பா?

இல்லை. 138ஆம் இலக்க பஸ்ஸில் மகரகமவில் இறங்கினால் பமுணுவ பக்கத்தில்தான். அங்கே வருவதில் கணிசமானது ஏற்றுமதித் தொழிற்சாலைகளின் மிச்சம். யாரும் உடுத்தாதது, ஆனால் ஏதோ ஒரு காரணத்தால் கப்பல் ஏறாதது. ஓடர் ஆயிரம் என்றால், பழுதாகப் போவதை ஈடுகட்டக் கொஞ்சம் கூடவே வெட்டித் தைப்பார்கள். கூடினது மிஞ்சும். சில நேரம் ஓடரே ரத்தாகும். மூன்றாவது வகை, தரப் பரிசோதனையில் கழித்தது.

முதல் இரண்டு வகையும் கிடைத்தால் அதிர்ஷ்டம். மூன்றாவதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. தொழிற்சாலையில் குறை உள்ள இடத்தில் சின்ன அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். சில உடுப்பில் அது அப்படியே இருக்கும். ஒருமுறை நான் எடுத்த நீலச் சேட்டில் இடது கமக்கட்டுக்குக் கீழே சிவப்பு அம்பு ஒன்று, நகத்தளவுதான், தையல் தப்பிய இடத்தை நேராகக் காட்டிக்கொண்டு இருந்தது. கடைக்காரருக்கே தெரியவில்லை. விலையைக் குறைத்து வாங்கி, வீட்டில் ஐந்து நிமிடத்தில் தைத்துவிட்டேன். ஸ்டிக்கர் இல்லையென்றால் நீங்களே பாருங்கள்: இரண்டு கையும் ஒரே நீளமா, முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே நிறமா (வெளிச்சத்தில்), பக்கத் தையல் முறுகி முன்னுக்கு வருகிறதா. முறுகலும் நிற வித்தியாசமும் திருத்த முடியாதவை. எண்ணெய்ப் புள்ளியும் விட்ட தையலும் திருத்தக் கூடியவை.

லேபிளைப் பாதி வெட்டியிருந்தால் பயப்பட வேண்டாம், மிச்ச உடுப்புகளில் அது வழக்கம். லேபிள் மட்டும் புத்தம் புதிதாகப் பளபளவென்று இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

'வின்டேஜ்' என்று போட்டு விலையைக் கூட்டுகிறார்களே. உண்மையில் பழசா என்று எப்படித் தெரியும்?

பொதுவாக இருபது வருடத்துக்கு மேற்பட்டதைத்தான் அப்படிச் சொல்வார்கள். கொழும்பில் அந்தச் சொல்லைப் போன வருடத்து உடுப்புக்கும் ஒட்டிவிடுகிறார்கள்.

லேபிள் கொஞ்சம் சொல்லும். 'சிலோன்' என்று போட்டிருந்தால் பெரும்பாலும் 1972க்கு முந்தியது. அந்த வருடம்தான் நாட்டின் பேர் ஸ்ரீ லங்கா ஆனது. லண்டன் சித்திமாரின் சூட்கேசில் வரும் மாக்ஸ் அண்ட் ஸ்பென்சர் உடுப்பில் 'சென்ட் மைக்கல்' என்ற லேபிள் இருந்தால் அது 2000க்கு முந்தியது. அதற்குப் பிறகு அந்தப் பேரை அவர்கள் விட்டுவிட்டார்கள். லீவைஸ் ஜீன்ஸின் சிவப்புத் துண்டில் பேரின் எழுத்தெல்லாம் பெரிய எழுத்தாக இருந்தால் 1971 அளவுக்கு முந்தியது என்பார்கள். ஆனால் பின்னாளில் அதே மாதிரிப் பழசுபோலச் செய்தும் விற்கிறார்கள், அதை மட்டும் நம்பிக் காசு கொடுக்காதீர்கள்.

வேடிக்கை என்னவென்றால், அந்தச் சூட்கேஸ் உடுப்புகளின் உள்லேபிளைத் திருப்பினால் சிலவற்றில் 'ஸ்ரீ லங்காவில் தயாரிக்கப்பட்டது' என்று இருக்கும். இங்கே தைத்து, கப்பலேறி, லண்டனில் யாரோ உடுத்தி, சித்தியோடு விமானத்தில் திரும்பி வந்திருக்கிறது.

நல்ல துணியா என்று கடையில் நின்றபடி எப்படிப் பார்ப்பது?

முதலில் கையால், பிறகு கண்ணால், கடைசியில்தான் விலைத் துண்டு. நான் செய்வது இதுதான்.

உடுப்பை உட்புறம் வெளியே வரத் திருப்புவேன். தையல் நெருக்கமாக, நேராக இருக்கிறதா, ஓரம் ஓவர்லொக் அடித்து முடித்திருக்கிறதா, அல்லது நூல் தொங்குகிறதா என்று உட்பக்கம் ஒளிக்காமல் காட்டும். தையலுக்குள் எவ்வளவு துணி விட்டிருக்கிறது என்றும் பார்ப்பேன். பழைய தையல்காரர்கள் ஓர் அங்குலம்கூட விட்டிருப்பார்கள்; உடம்பு வைத்தாலும் விரித்துத் தைக்கலாம் என்று. இப்போதைய உடுப்பில் அது கால் அங்குலம்.

பிறகு கழுத்துப்பட்டியின் மடிப்பு, கமக்கட்டு, முழங்கை, காற்சட்டையானால் தொடை இடுக்கு. இந்த நாலு இடத்திலும் துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். மற்ற இடத்தைவிடக் கூட வெளிச்சம் வந்தால் இழை தேய்ந்துவிட்டது, வைத்துவிடுங்கள். சிப்பை மூன்று தரம் ஏற்றி இறக்குங்கள். இலாஸ்டிக்கை இழுத்துவிடுங்கள், 'கறுமுறு' என்று சத்தம் வந்தால் உள்ளே இறப்பர் காய்ந்துவிட்டது.

துணியை உள்ளங்கையில் கசக்கி ஐந்து வினாடி பிடித்து விடுங்கள். கசங்கல் நன்றாகத் தெரிந்தால் கொட்டன் அல்லது லினன். ஒன்றுமே நடக்காத மாதிரி விரிந்தால் பொலியெஸ்டர். பாதி பாதியென்றால் கலவை. லேபிள் இல்லாத உடுப்புக்கு இதுதான் லேபிள்.

பழைய பட்டுச்சேலை வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் காசு அதிகம் நட்டமாவதும் இதில்தான், ஆகவே கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஜம்பிள் சேலில் மாம்பழ நிறக் காஞ்சிபுரம் ஒன்று கண்டேன். அரக்குக் கரை, முந்தானை நிறையச் சரிகை. மேசையில் மடித்து வைத்திருந்தபோது நேற்றுத்தான் தறியிலிருந்து இறக்கினது போல் இருந்தது. விலை மூவாயிரம். பக்கத்தில் நின்றவர் கை நீட்டுவதற்குள் எடுத்துவிட்டேன். அப்புறம் ஜன்னலுக்குப் போய் விரித்துப் பிடித்தால், மடிப்பு விழுந்த கோடுகளில் எல்லாம் ஊசி குத்தினது மாதிரி வெளிச்சம் வந்தது. மேலிருந்து கீழே வரிசை வரிசையாக. ஒரு கோட்டை இரண்டு பக்கமும் மெதுவாக இழுத்தேன். 'சர்' என்று ஒரு சின்னச் சத்தம். பட்டு ஒரே மடிப்பில் வருடக்கணக்காகக் கிடந்தால் இழை அங்கேதான் முறியும். கட்டிக்கொண்டு ஒரு தரம் குனிந்தால் போதும், முடிந்தது.

ஆயிரத்து இருநூறுக்குத் தருவீர்களா என்று கேட்டு வாங்கினேன். முந்தானையும் கரையும் நல்ல நிலையில் இருந்தன. அதில் என் பெறாமகளுக்கு ஒரு பட்டுப் பாவாடை சட்டை தைத்தோம், எனக்கு இரண்டு பிளவுஸுக்குக் கை வைத்தோம். சேலையாக நினைத்து மூவாயிரம் கொடுத்திருந்தால் அழுதிருப்பேன்.

ஆக, முதல் சோதனை மடிப்பு. இரண்டாவது, பட்டுத்தானா என்பது. உட்தலைப்பில் ஒரு நூலை உருவி, விற்பவரிடம் கேட்டுவிட்டு, வெளியே வந்து கொளுத்திப் பாருங்கள். பட்டென்றால் மயிர் பொசுங்கும் மணம் வரும், கரியை விரலால் நசுக்கினால் தூளாகும். பொலியெஸ்டர் உருகிக் கெட்டியான குண்டுமணியாகும். கடதாசி எரியும் மணம் வந்தால் கொட்டன் அல்லது ரேயோன். 'ஆர்ட் சில்க்' என்று விற்பதில் ரேயோன் நிறைய உண்டு. மூன்றாவது சரிகை. முலாம் தேய்ந்த இடத்தில் வெள்ளி நிறம் தெரிந்தால் நல்ல சரிகை. செம்பு நிறம் தெரிந்தால் செப்புச் சரிகை. எங்கேயுமே தேயாமல் ஒரே மினுக்கமாக இருந்தால் பிளாஸ்டிக் இழையாக இருக்கலாம்.

கூறைச்சேலை விற்பனைக்கு வருவது அபூர்வம். வந்தாலும் ஏன் விற்கிறார்கள் என்று நான் கேட்பதில்லை.

பத்திக்கும் கைத்தறியும்?

கொழும்பில் பழசு தேடுவதன் பெரிய இன்பமே இவைதான். 1960களில் ஈனா டி சில்வா என்ற கலைஞர் இங்கே பத்திக்குக்குப் புது உயிர் கொடுத்தார். 1964இல் பார்பரா சன்சோனி 'பேயர்ஃபுட்' என்ற நிறுவனத்தைத் தொடங்கிக் கைத்தறிக்கு அந்தக் கண்ணைப் பறிக்கும் நிறக் கோடுகளைக் கொண்டுவந்தார். அந்தக் காலத்துச் சாறமோ சட்டையோ வீட்டுப் பெட்டிகளில் இன்னும் கிடக்கிறது. வைத்திருப்பவர்களுக்கே அருமை தெரியாது.

பத்திக்கை மறுபக்கம் திருப்புங்கள். மெழுகு பூசிச் சாயத்தில் முக்கினதென்றால் நிறம் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அழுத்தமாக இருக்கும். மெழுகு வெடித்த இடங்களில் மயிரிழை போன்ற கோடுகள் ஓடும், ஒன்று மாதிரி மற்றது இராது. மறுபக்கம் வெளிறிப்போய், கோடுகளும் ஓரடிக்கு ஒருதரம் அச்சு அசலாகத் திரும்பி வந்தால் அது அச்சடித்த துணி. வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை, பத்திக் விலை கொடுக்க வேண்டாம்.

அளவு சரிவரா விட்டால்?

எண்ணைப் பார்க்காதீர்கள். இங்கிலாந்தின் 12 அமெரிக்காவில் 8. அதுவும் பழைய காலத்து 12 இப்போதையதைவிடச் சின்னது. உங்களுக்கு நன்றாகப் பொருந்தும் ஒரு சட்டையை வீட்டில் தட்டையாக விரித்து, கமக்கட்டுக்குக் கமக்கட்டு, தோளுக்குத் தோள், நீளம் மூன்றையும் அளந்து போனில் எழுதி வையுங்கள். அளவு நாடா ஒன்று கைப்பையில் இருக்கட்டும்.

தோள் பொருந்தாவிட்டால் விட்டுவிடுங்கள். தோளைக் கழற்றித் தைக்கும் கூலி சட்டையின் விலையை மிஞ்சும், அதற்குப் பிறகும் சரியாக விழாது. இடுப்பு, நீளம், கை நீளம் எல்லாம் டெயிலருக்கு அரைமணி நேர வேலை. பெருப்பிக்கும்போது ஒன்று கவனியுங்கள்: உள்ளே இருந்த துணி வெயில் காணாதது, ஆகவே நிறம் கூடவாக இருக்கும். பழைய ஊசித்துளையும் வரிசையாகத் தெரியும். கடும் நிறத்தில் அது பளிச்சென்று கோடு விழும், பூப்போட்டதில் தெரியாது.

எவ்வளவு கொடுக்கலாம்? பேரம் பேசலாமா?

என் மனக்கணக்கு: உடுப்பின் விலை, டெயிலர் கூலி, தோய்க்கும் செலவு மூன்றையும் கூட்டி, அதே தரத்தில் புதிது வாங்கும் விலையில் பாதிக்கு மேல் வந்தால் எடுப்பதில்லை. பட்டும் பத்திக்கும் விதிவிலக்கு. எனக்கு மனம் கேட்காது.

நடைபாதையிலும் பமுணுவவிலும் "டிகக் அடு கரலா தென்ன மல்லி" (கொஞ்சம் குறைத்துத் தாங்கோ தம்பி) என்று சிங்களத்தில் சிரித்துக்கொண்டு கேளுங்கள், குறைப்பார்கள். குறையைக் காட்டிக் கேட்டால் இன்னும் குறைப்பார்கள். தர்மத்துக்கு நடத்தும் ஜம்பிள் சேலில் பேரம் பேசுவது அழகல்ல. மாம்பழச் சேலை மாதிரி பழுதைக் கண்டால் மட்டும் சொல்லிக் கேட்கலாம்.

ஒன்லைனில் ஏமாறாமல் வாங்க முடியுமா?

ஒருமுறை ஏமாந்த பிறகு முடியும். நான் ஒரு பக்கத்தில் 'சுத்த லினன்' என்று போட்ட வெள்ளைச் சட்டைக்கு முன்காசு அனுப்பினேன். வந்தது வெள்ளைதான், லினன் இல்லை; கமக்கட்டில் இரண்டு பக்கமும் தேயிலைச் சாயம் போல வட்டம். படத்தில் மொடலின் கை கீழே தொங்கியபடி இருந்தது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. செய்தி அனுப்பினேன், பார்த்ததாகக் காட்டியது, பதில் இல்லை.

இப்போது நாலு படம் கேட்கிறேன்: கமக்கட்டு, கழுத்துப்பட்டியின் உட்பக்கம், லேபிள், அளவு நாடா வைத்தபடி நெஞ்சளவு. எல்லாம் பகல் வெளிச்சத்தில். அனுப்பச் சுணங்குகிறவரிடம் வாங்குவதில்லை. முன்காசு இல்லை, பொருள் கைக்கு வந்ததும் காசு, அல்லது மெஜஸ்டிக் சிட்டி வாசல் மாதிரி சனம் உள்ள இடத்தில் நேரே.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் என்ன செய்வது?

அலுமாரிக்குள் வைக்காதீர்கள். முதலில் மூட்டைப்பூச்சி. தையல் இடுக்குகளில் கறுப்புப் புள்ளி இருக்கிறதா பாருங்கள். கொட்டன் என்றால் நன்றாகச் சுடுதண்ணீரில், 60 பாகையில் தோய்த்தால் சரி. தோய்க்க முடியாததைப் பையில் போட்டு இறுகக் கட்டி, டீப் ஃபிரீசரில் நாலைந்து நாள் வையுங்கள். மீனுக்குப் பக்கத்தில் வேண்டாம்.

பூச்சி உருண்டை மணம் தோய்த்துப் போகாது. நப்தலின் காற்றோடு ஆவியாகிப் போகும் பொருள், ஆகவே காற்றோட்டமுள்ள நிழலில் ஒரு வாரம் தொங்கவிடுங்கள். பட்டுத் துணியை வெயிலில் போட வேண்டாம். கைக்குழந்தை இருக்கும் வீடென்றால் மணம் முற்றாகப் போகும்வரை உடுத்தாதீர்கள். ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள பிள்ளைகளுக்கு நப்தலின் இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். எனக்கு வசம்புதான். துண்டு துண்டாக வெட்டி, வேட்டித் துணியில் முடிந்து சேலைக்குள் வைப்பேன்.

பூஞ்சணம் என்றால் வெளியே கொண்டுபோய் உதறி, பிறகு தெளிந்த வினாகிரி ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீரில் அரைமணி ஊறவைத்துத் தோய்க்கலாம். வியர்வை மஞ்சளுக்குக் குளோரின் போடாதீர்கள், இன்னும் மஞ்சளாகும். கறி மஞ்சள் கறைக்கு மட்டும் பயமே வேண்டாம். சவர்க்காரம் பட்டதும் இரத்தச் சிவப்பாகும், பதறாதீர்கள். அலசி வெயிலில் போட்டால் மாலைக்குள் மங்கிவிடும், இரண்டு நாளில் காணாமலே போய்விடும். நெஞ்சில் கறி ஊற்றின வெள்ளைச் சேட்டைக் கண்டால் எனக்கு ஒரே சந்தோஷம், யாரும் வாங்க மாட்டார்கள்.

எதை வாங்கவே கூடாது?

உள்ளாடை, நீச்சலுடை. தோல் மாதிரித் தெரியும் ரெக்சின் ஜாக்கெட். எங்கள் ஈரக்காற்றில் பொருக்குப் பொருக்காக உரியும். நாள்பட்ட ஸ்போர்ட்ஸ் சப்பாத்தும் அப்படித்தான், வெளியே புதிதாக இருக்கும், அடிப்பாகம் நடுத்தெருவில் பாண் துண்டு மாதிரி உதிரும்.

கனடா போக ஒரு கோட் வேண்டும். இங்கே பழசு வாங்கலாமா?

இறங்கினதும் விறைக்காமல் இருக்க ஒன்று போதும். நுவரெலியாவில் 'பேல் பசார்' என்ற உடுப்புச் சந்தையில் ஜாக்கெட்டுகள் மலிவு. உண்மையான பனிக்கு அங்கே போய்ப் பழைய உடுப்புக் கடையில் வாங்குங்கள், தெரிவும் அதிகம்.

செத்தவருடைய உடுப்பாக இருந்தால்?

இருக்கலாம். அலுமாரி காலியாவதற்கு வெளிநாடு மட்டும் காரணமில்லை. என் அம்மா முதலில் வீட்டுக்குள்ளேயே எடுக்கவிடவில்லை. மஞ்சள் தண்ணீர் தெளித்து, சாமி அறை வாசலில் ஓரிரவு வைத்து, அதன் பிறகுதான் உடுக்கலாம் என்று ஓர் ஒழுங்கை அவவே உண்டாக்கினா. நான் மறுக்கவில்லை. கந்தையானாலும் கசக்கிக் கட்டச் சொன்னார்களே தவிர, யாருடைய கந்தை என்று கேட்கச் சொல்லவில்லையே என்பேன். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் புதிதுதான் உடுக்க வேண்டும் என்பது அவவின் சட்டம்; அதை இன்றுவரை நான் மீறவில்லை.

போன மாதம் வெளிர்பச்சைக் கைத்தறிச் சேலை ஒன்று கொண்டுவந்தேன். மஞ்சள் தண்ணீர் தெளிக்க எடுத்துப்போன அம்மா, கரையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது உனக்குப் பொருந்தாது" என்று தன் அலுமாரியில் வைத்துக்கொண்டா.